எட்டா, எட்டரையா என்று கேட்கிற கடை

எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் காபித் தூள் போடுகிற கைப்பிடிக் கிண்ணமான போர்ட்டாஃபில்டர், சுடுநீர் இறங்குகிற தலையான க்ரூப்பில் போய் முட்டி நிற்கிற இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். க்ரூப் கேஸ்கெட் என்பார்கள். ஈ61 என்ற பரவலான வகை க்ரூப்புக்கு அதன் வெளிவிட்டம் 73 மி.மீ., உள்விட்டம் 57 மி.மீ. கனம் மட்டும் 8, 8.5, 9 என்று வெவ்வேறாக வரும். விலை என்று பார்த்தால் ஹோட்டலில் ஒன்றிரண்டு காபி குடிக்கிற காசுதான். பெரிய இணையச் சந்தைகளில் ‘எல்லா ஈ61 மெஷினுக்கும் பொருந்தும்’ என்று ஒரே வரி போட்டு விற்றுவிடுவார்கள். நல்ல சிறு கடை அப்படி விற்காது. ஆர்டர் வந்ததும் ஒரு கேள்வி வரும்: ‘இப்போது போர்ட்டாஃபில்டரைப் பூட்டினால் கைப்பிடி எங்கே வந்து நிற்கிறது?’

இந்தக் கேள்விக்குள் தொழில் முழுவதும் இருக்கிறது. போர்ட்டாஃபில்டரை இடப்பக்கமாக நுழைத்து வலப்பக்கம் திருப்பிப் பூட்டுகிறோம். இறுகும்போது கைப்பிடி நமக்கு நேராக, கடிகாரத்தின் 6 மணி திசையில் நின்றால் அளவு சரி. ரப்பர் தேயத் தேய, காய்ந்து அமுங்க அமுங்க, கைப்பிடி நேர்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகும். பழைய கேஸ்கெட் கல்லாக இறுகியிருந்து கைப்பிடியும் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால் புதிய 8 மி.மீ. போதும். புதிய 8 போட்டும் கைப்பிடி 5 மணிப் பக்கம் ஓடுகிறது என்றால், க்ரூப்பின் உள்விளிம்போ அதில் மாட்டிக்கொள்கிற போர்ட்டாஃபில்டரின் காதுகளோ தேய்ந்திருக்கின்றன, 8.5 வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற மெஷினுக்கு எடுத்த எடுப்பில் 8.5-ஐ வாங்கிப் போட்டால் கைப்பிடி 7 மணியிலேயே முட்டிக்கொள்ளும். ‘புதுசு, அப்படித்தான் இறுக்கமாக இருக்கும்’ என்று தினமும் முழு பலத்தோடு திருகினால், தேயாமல் இருந்த பித்தளைக் காதுகளும் தேயத் தொடங்கும். தவறான ஒரு சின்ன வளையம் கொண்டுவருகிற சேதம் இது.

சிறு எஸ்பிரெஸ்ஸோ உதிரிபாகக் கடைகளின் சேவையைப் பற்றிப் பேசும்போது பலரும் சிரித்த முகம், உடனடி பதில், வேகமான கூரியர் என்று அடுக்குவார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் இந்தத் தொழிலில் வாடிக்கையாளருக்கு உண்மையில் உதவுவது விற்பதற்கு முன் கேட்கிற கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்தவர் பெரும்பாலும் மெஷினைத் தன் கையால் பிரித்துப் போட்டவராகத்தான் இருப்பார்.

இந்த வியாபாரத்தில் சிறு கடைகளுக்கு இடம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எஸ்பிரெஸ்ஸோ மெஷின்களின் ஆயுசு நீளம். ஃபாயேமா நிறுவனம் ஈ61-ஐ வெளியிட்டது 1961-இல். அந்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி ஐரோப்பாவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தை (எக்லிப்ஸ்) வைத்துத்தான் அந்தப் பெயர். அந்த க்ரூப்பின் வடிவத்தை எத்தனையோ இத்தாலிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன, இன்றும் புது மெஷின்களில் போடுகின்றன. லா பவோனியின் யூரோபிக்கோலா என்ற கைநெம்புகோல் மெஷினும் அதே அறுபதுகளின் தொடக்கத்தில் வந்ததுதான். அறுபது வயதான பித்தளை பாய்லர் இன்றும் காபி கொடுக்கிறது. உள்ளே அழிவது ரப்பரும் டெஃப்லானும் ஸ்பிரிங்கும் மின்காயிலும் மட்டுமே. மெஷினை விற்ற நிறுவனம் கைமாறியிருக்கும், மூடியிருக்கும், பத்து வருடத்துக்கு மேற்பட்ட மாடலை ஏறெடுத்தும் பார்க்காது. அந்த இடைவெளியில்தான் ஒருவரோ இருவரோ நடத்துகிற கடைகள் வந்து உட்கார்ந்தன. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து இயங்கிய ‘ஆர்ஃபன் எஸ்பிரெஸ்ஸோ’ அதற்கு நல்ல உதாரணம். பழைய நெம்புகோல் மெஷின்களுக்கான சீல்களைத் தேடிப் பிடித்து விற்றார்கள், அவற்றை எப்படிப் பிரித்துக் கோர்ப்பது என்று படிப்படியாக எழுதி வைத்தார்கள்; பிறகு ‘லிடோ’ என்ற கை அரவை இயந்திரத்தையும் செய்தார்கள். க்ரூப் கேஸ்கெட்டை வழக்கமான ரப்பருக்குப் பதில் சிலிக்கனில் செய்து கொடுத்த ‘காஃபெலாட்’டும் சிறு நிறுவனம்தான். சிலிக்கன் வளையம் சூட்டில் கல்லாக இறுகாது. பழைய ரப்பரைக் குத்திப் பெயர்த்தெடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பெயர்ப்பது என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்துபோன கேஸ்கெட்டைக் கத்தியாலோ திருப்புளியாலோ நெம்பினால் அது உட்காருகிற பித்தளைப் பள்ளத்தில் கீறல் விழும். கீறலின் வழியே புதிய கேஸ்கெட்டும் ஒழுகும். ரப்பரில் எதிரெதிராக இரண்டு சின்ன மரத்திருகாணிகளைப் பாதி ஆழம் மட்டும் முடுக்கி, இடுக்கியால் பிடித்து மாறி மாறி இழுத்தால் வளையம் வந்துவிடும். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் காபிக் கரியைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். ஈ61 கேஸ்கெட்டின் ஓர் ஓரம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தப் பக்கம் மேலே போக வேண்டும். இந்த ஒரு வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையோடு போடுகிற கடையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாற்பத்தொன்பதும் ஐம்பத்தொன்றும்

‘லா பவோனிக்கு கேஸ்கெட் செட் ஒன்று வேண்டும்’ என்று எழுதினால் உடனே பணம் வாங்கிக்கொள்கிற கடையிடம் எச்சரிக்கையாக இருங்கள். யூரோபிக்கோலாவில் பழைய க்ரூப்புக்குத் தூள் உட்காருகிற ஃபில்டர் கூடை 49 மி.மீ., ‘மில்லேனியம்’ என்று சொல்லப்படுகிற புதிய க்ரூப்புக்கு 51 மி.மீ. 2000-ஐ ஒட்டி இந்த மாற்றம் நடந்தது. மாறிய காலத்து மெஷின்களில் வாங்கிய ஆண்டை வைத்து முடிவுகட்ட முடியாது. முதல் உரிமையாளரிடம் பில்லே இருந்தாலும் உள்ளே எது இருக்கிறது என்று அது சொல்லாது. அதனால் தெரிந்த கடைக்காரர் ஆண்டைக் கேட்டுவிட்டு, கூடவே ‘கூடையின் உள்விட்டத்தை அளந்து சொல்லுங்கள், க்ரூப்பைக் கீழிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்’ என்பார்.

சரியான செட் வந்தாலும் வேலை முடியவில்லை. பிஸ்டனில் இரண்டு சீல்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உதடு விரிந்த கிண்ணம்போல இருக்கும். மேல் சீலின் உதடு மேலே பார்க்க வேண்டும், கீழ் சீலின் உதடு கீழே பார்க்க வேண்டும். அழுத்தம் வருகிற திசையை நோக்கி உதடு விரிந்தால்தான் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். கீழ் சீலைத் தலைகீழாகப் போட்டால் காபியை அழுத்தும்போது தண்ணீர் பிஸ்டனைச் சுற்றி மேலே நழுவும். நெம்புகோலில் எதிர்ப்பே இருக்காது, கோப்பையிலும் பாதிதான் விழும். இதைப் பார்த்துவிட்டு ‘அளவு தவறு, திருப்பி அனுப்புகிறேன்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல கடைக்காரர் அதற்குக் கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்பார்: ‘தண்ணீர் எங்கே ஒழுகுகிறது? மேலே பிஸ்டன் தண்டைச் சுற்றியா, கீழே ஷவர் என்கிற சல்லடைத் தகடு வழியாகவா?’ தண்டைச் சுற்றி என்றால் தண்டின் சீல். நெம்புகோல் கீழே ஓய்வாக இருக்கும்போதே அடியில் சொட்டுகிறது என்றால் பிஸ்டன் சீல். பதில் வந்ததும் எதைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். பாகம் திரும்பி வராது, மெஷினும் அன்றைக்கே ஓடும்.

சீல்களின் மேல் மெல்லிய பூச்சாக உணவுத் தரச் சிலிக்கன் கிரீஸ் தடவ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் இருக்கிற வாசலினையோ மிதிவண்டிக் கிரீஸையோ தடவினால் வருகிற கேடு பலருக்குத் தெரியாது. இந்த மெஷின்களில் வருகிற பல ஓ-ரிங்குகள் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். சுடுநீருக்கும் நீராவிக்கும் அது நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். நைட்ரைல் ரப்பர் நேர் எதிர்: எண்ணெயைத் தாங்கும், தொடர்ந்த நீராவிச் சூட்டில் இறுகி வெடிக்கும். சிலிக்கன் ஓ-ரிங்குக்குச் சிலிக்கன் கிரீஸும் ஒத்துவராது, அதை உப்பவைக்கும். எந்த வளையத்துக்கு எந்த ரப்பர் என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதி, உள்விட்டத்தையும் தடிமனையும் சேர்த்துப் போடுகிற கடை பாதிக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. ‘ஓஆர்எம் 0060-20’ என்ற குறியீடு உள்விட்டம் 6 மி.மீ., தடிமன் 2 மி.மீ. என்பதைத்தான் சொல்கிறது, தெரிந்துகொண்டால் அடுத்த முறை வாங்குகிறவரே சரியாகக் கேட்டுவிடுவார்.

பம்ப் போய்விட்டது என்று ஒரு கடிதம்

இந்தக் கடைகளுக்கு ஓயாமல் வருகிற கடிதம் ஒன்று உண்டு. ‘வணக்கம் சார், பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, காபி சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. பம்ப் போய்விட்டது. உல்கா பம்ப் ஒன்று அனுப்புங்கள்.’ வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது இத்தாலியின் உல்கா செய்கிற அதிர்வு பம்ப்தான். ஈபி5 என்றால் வெளிவாய் பிளாஸ்டிக், ஈஎக்ஸ்5 என்றால் பித்தளை. கையிருப்பில் எப்போதும் கிடக்கும். அனுப்பிவிட்டால் வியாபாரம் முடிந்தது.

நல்ல பதில் இப்படி இருக்கும்: ‘பம்ப் இருக்கிறதுங்க, இன்றைக்கே அனுப்பலாம். அதற்கு முன் சில சோதனைகள் மட்டும் பார்த்துவிடுங்கள். போர்ட்டாஃபில்டரே இல்லாமல் க்ரூப்பில் தண்ணீர் விடுங்கள். தடையில்லாமல் வருகிறதா? அடுத்து ஸ்டீம் குழாயைத் திறந்துவைத்து அதன் வழியாகச் சுடுநீர் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இருக்கிறதா? கடைசியாக, காபி எடுக்கும்போது, மின்சாரத்தால் திறந்து மூடுகிற சாலினாய்டு வால்விலிருந்து கீழ்த் தட்டுக்கு வருகிற குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள்.’

மூன்றுக்கும் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். க்ரூப்பில் வெறும் தண்ணீர் தாராளமாக வந்தால் பம்ப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. தூளை அதிகமாக நைசாக அரைத்திருக்கலாம், அல்லது அதிக அழுத்தத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுகிற ஓபிவி வால்வு முன்கூட்டியே திறந்துகொள்ளலாம். ஸ்டீம் குழாயில் நல்ல வேகம், க்ரூப்பில் மட்டும் மந்தம் என்றால் பாய்லருக்கும் க்ரூப்புக்கும் நடுவே அடைப்பு: சாலினாய்டில் உப்புப் படிவு, அல்லது ஷவர் தகட்டில் காபி எண்ணெய். கீழ்த் தட்டுக் குழாயில் தண்ணீர் ஓடினால் சாலினாய்டின் உள்தண்டு தன் இருக்கையில் உட்காரவில்லை. ஒரு மணல் பருக்கை அளவுள்ள உப்பே அதற்குப் போதும். எங்குமே வரவில்லை என்றால்தான் பம்பின் பக்கம் போக வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தொட்டியின் வடிகட்டி வலை, மடங்கிப்போன சிலிக்கன் குழாய், நடுவில் சிக்கிய காற்று.

சாலினாய்டைச் சுத்தம் செய்ய எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் ஆறிய பிறகு, மேல்நட்டைக் கழற்றிக் காயிலை உருவ வேண்டும். தண்டை ஸ்பேனரால் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங்கோடு ஓர் உலோகத் துண்டு வரும், அதன் முனைகளில் ரப்பர் இருக்கும். உலோகப் பாகங்களை மட்டும் ஒரு லிட்டர் வெந்நீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து இருபது நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் போதும். ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம், முழு வால்வு தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காயிலை உருவிய நிலையில் மெஷினைப் போட்டுவிட்டால், உள்ளே இரும்பு இல்லாத மாறுமின் காயில் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகிக் கருகும். கடைக்காரர் இந்த எச்சரிக்கையை எழுதாமல் விட்டால், கழற்றச் சொன்ன உதவியே புதிய செலவாக முடியும்.

பம்பிலேயே பழுது என்று தெரிந்தாலும் ஏன் பழுதானது என்று கேட்க வேண்டும். பம்பின் மேல் ஒட்டிய லேபிளில் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் ஓய்வு என்று போட்டிருக்கும். பாய்லரைக் கழுவுகிறேன் என்று ஐந்து நிமிடம் விடாமல் ஓட்டினால் காயில் கொதிக்கும். சில மெஷின்களில் பம்பின் மேல் ஒரு வெப்பத் தடுப்பு ஒட்டியிருக்கும். சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் தானே சேர்த்துவிடும். ‘முழுசாகச் செத்துவிட்டது’ என்று எழுதுகிறவரிடம் ‘அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்’ என்பதுதான் முதல் பதிலாக இருக்க வேண்டும்.

ஒரு பம்பின் லாபத்தை விட்டுவிட்டு இவ்வளவு எழுதுவதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. மெஷினில் பூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற மின்பாகத்தைப் புதியது என்று மறுபடி விற்க முடியாது. திருப்பி அனுப்புகிற கூரியர், பணத்தைத் திருப்புகிற வேலை, அதற்குப் பிறகும் சரியாகாத மெஷின் என்று ஒரு தவறான விற்பனைக்குப் பின்னால் நீண்ட இழுபறி இருக்கிறது. இதைச் சிறு கடைக்காரர் தன் கையிலேயே அனுபவிக்கிறார். பெரிய சந்தையில் விற்கிறவர் திருப்பி அனுப்புகிற பிரிவிடம் தள்ளிவிடுவார், மெஷினில் என்ன கோளாறு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிங்கோடு வர வேண்டிய சீட்டு

காஜியா கிளாசிக் என்ற வீட்டு மெஷின் வைத்திருப்பவர்கள் அதிகம் வாங்குகிற பாகம் ஓபிவி ஸ்பிரிங். பழைய கிளாசிக்கில் அந்த வால்வை அலென் கீயால் திருகியே அழுத்தத்தைக் குறைக்கலாம். 2019-இல் வந்த கிளாசிக் ப்ரோவில் திருக வழியில்லை, ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். இந்த இரண்டிலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அழுத்தம் பெரும்பாலும் 9 பாரைத் தாண்டித்தான் இருக்கும். எஸ்பிரெஸ்ஸோவுக்கு 9 பார் போதும், அதற்கு மேல் போனால் தூள் படுகையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒரே பக்கம் பாயும். இடையில் வந்த சில மாடல்களின் உள்ளமைப்பே வேறு. அதனால் மாடல் எண்ணைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஸ்பிரிங்கை மாற்றிய மறுநாள் ‘தொட்டிக்குள் தண்ணீர் திரும்பிக் கொட்டுகிறது, ஏதோ தவறு செய்துவிட்டேன்’ என்று பதறிக் கடிதம் வரும். அதுதான் வால்வின் வேலை; 9 பாரில் திறந்து மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்புகிறது. அழுத்தமானியை போர்ட்டாஃபில்டரில் பொருத்திப் பார்த்தால் பொதுவாக 1 பார் வரை கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் தண்ணீர் எங்கும் போக வழியில்லாமல் நிற்கிறது. காபி ஓடும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்கும். இந்த இரண்டு விஷயத்தையும் ஸ்பிரிங்கோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் அந்தப் பதற்றக் கடிதமே வராது.

கூடவே வாங்க வேண்டிய பொருள்களைச் சொல்வதும் இதே வகைதான். சிலர் இதைத் தலையில் கட்டுகிற வேலை என்று நினைக்கிறார்கள். பாய்லரைத் திறந்து ஹீட்டர் மாற்றுகிறவரிடம் ‘பாய்லர் மூடியின் கேஸ்கெட்டும் சேர்த்து வாங்குங்கள், பழையது ஒருமுறை அமுங்கினால் மறுபடி பொருந்தாது’ என்பது சேவை. அதைச் சொல்லாமல் விட்டால் மெஷின் பிரித்தபடி மேசையில் கிடக்கும், சின்ன வளையத்துக்காக இரண்டாவது கூரியர் கட்டணம் கட்ட வேண்டும். செம்பு வாஷர், டெஃப்லான் வாஷர் எல்லாம் அப்படியே. என்ன வாங்க வேண்டாம் என்பதையும் அதே பதிலில் சொல்கிற கடைக்காரரை நம்பலாம்.

மின்சாரமும் மரையும்

மெயின் ட்ரிப் ஆகிறது என்று எழுதுகிறவருக்கு ஹீட்டரை உடனே விற்கக் கூடாது. ஹீட்டரின் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினில் அது ஈரத்தை உறிஞ்சி எர்த்துக்குக் கசியும். பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி, மல்டிமீட்டரில் பார்க்கலாம். 230 வோல்ட்டில் 1200 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 44 ஓம் காட்ட வேண்டும். 120 வோல்ட்டுக்கான 1200 வாட் என்றால் 12 ஓம். எதுவுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. சரியான ஓம் காட்டியும் ட்ரிப் ஆகிறது என்றால் முனைக்கும் பாய்லர் உடலுக்கும் நடுவே பார்க்க வேண்டும். சாதாரண மீட்டரில் அது தெரியாமல் போகலாம். மின்கசிவைச் சோதிக்கிற 500 வோல்ட் மெகர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது. ஈரம்தான் காரணம் என்றால் காய்ந்ததும் சரியாகிவிடும். சூடே ஏறவில்லை என்று எழுதுகிற காஜியாக்காரருக்கு ஹீட்டருக்கு முன்னால் பாய்லரோடு ஒட்டிய 184 டிகிரி வெப்ப ஃப்யூஸைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் மெஷினையும் கட்டிக்கொண்டு வருவது உண்டு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் ஏறினால் ஹீட்டரின் வாட் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு வரை. நேராகச் சொருகினால் சீக்கிரமே கருகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதிர்வு பம்ப் ஒரு சுழற்சிக்கு ஒரு தள்ளு தள்ளுகிறது. 60-க்குப் பதில் 50 தள்ளுகள் என்றால் தண்ணீர் குறையும், காயிலும் கூடுதலாகச் சூடாகும். அக்கறையுள்ள கடைக்காரர் மாற்ற வேண்டியவற்றைக் கணக்குப் போட்டுச் சொல்வார்: ஹீட்டர், பம்ப், சாலினாய்டு காயில், சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பலகை. கூட்டிப் பார்த்தால் பல நேரம் ‘மெஷினை அங்கேயே விற்றுவிட்டு இங்கே புதிது வாங்குங்கள்’ என்பதுதான் சரியான ஆலோசனை. நான்கு பாகம் விற்கிற வாய்ப்பை விட்டுவிட்டு அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

மரை விஷயத்திலும் இதே கதை. இத்தாலிய மெஷின்களில் இருப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் தர மரை, அமெரிக்கக் குழாய்க் கடையில் கிடைப்பது என்பிடி என்ற அமெரிக்கத் தர மரை. கால் அங்குலக் குழாயில் பிஎஸ்பிக்கு ஓர் அங்குல நீளத்தில் 19 மரை, என்பிடிக்கு 18. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே 14, ஆனால் மரையின் கோணம் 55 டிகிரியும் 60 டிகிரியுமாக வேறுபடும். இரண்டு மூன்று சுற்று போகும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஸ்பேனரால் முடுக்கினால் பித்தளை மரை அழிந்துபோகும். ‘உங்கள் பக்கக் குழாய் எந்த மரை?’ என்று கேட்டு அடாப்டரையும் சேர்த்து அனுப்புவதுதான் முறை. டேப்பை முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றச் சொல்லவும் வேண்டும். நுனியில் பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் ஜிக்லர் என்ற பாகத்தின் 0.8 மி.மீ. துளை அடைத்துக்கொள்ளும்.

எதை விற்க மறுக்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. பாய்லரின் பாதுகாப்பு வால்வு கசிகிறது, அதை அடைக்க ஒரு மூடி வேண்டும் என்று கேட்டால் ‘தர மாட்டேன், புது வால்வு போடுங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வால்வு அடைபட்டு, அழுத்தம் ஏறியதும் ஹீட்டரை நிறுத்துகிற பிரஷர்ஸ்டாட்டின் காண்டாக்டும் உருகி ஒட்டிக்கொண்டால், பாய்லரின் அழுத்தத்தை நிறுத்தச் சில மெஷின்களில் வேறு எதுவும் இருக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சுங்கத்தில் ‘பரிசு’ என்று குறைத்துப் போடச் சொன்னால் மறுக்கிற கடைக்காரரிடமும் கோபப்பட வேண்டாம். பாகங்களைப் பற்றி அவர் சொல்வதை நம்பி வாங்குகிறோம், தாளிலும் அவர் உண்மையைத்தான் எழுதுவார்.

வாங்குகிறவர் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. மெஷினின் பின்புறமோ அடியிலோ உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். மாடல், வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் எல்லாம் அதில் இருக்கும். பழைய பாகத்தை வெர்னியர் காலிப்பரின் பக்கத்தில் வைத்து, அளவு தெரிகிற மாதிரி இன்னொரு படம். ரப்பர் என்றால் மூன்று இடத்தில் அளந்து சொல்லுங்கள், பழைய வளையம் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். கோளாறு எப்போது வருகிறது, மெஷின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, கடைசியாக எப்போது உப்பு நீக்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சத்தம் மாறியிருந்தால் பத்து நொடி வீடியோ ஒரு பக்கக் கடிதத்தைவிட அதிகம் சொல்லும். காற்றைக் குடிக்கிற பம்பும் அழுத்தம் ஏறிய பம்பும் வேறு வேறு சுருதியில் இரையும். புதியதைப் பொருத்தி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கும் வரை பழைய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். சரியானதும் எது சரிசெய்தது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள், கடைக்காரர் கேட்காவிட்டாலும். அதே மாடலோடு அடுத்து வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவரும்.